ஊழியத்தில் சேர்ந்த ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்கலாமா?

இந்த வாரக் கடிதம் அயனாவரத்தில் இருந்து வந்திருக்கிறது. எழுதியவர் நாற்பதை நெருங்கும் ஒரு மிஷனரி ஊழியர். வருடத்தில் பெரும்பகுதி ஒடிசாவின் ராயகடா பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார், கோடையிலும் கிறிஸ்துமஸுக்கும் சென்னை வருகிறார். கொஞ்சம் வரையத் தெரிந்தவர். அந்தப் பக்கத்துச் சவுரா மக்கள் சுவரில் வரையும் கோட்டுருவங்கள் பலரும் பார்த்திருப்பீர்கள், அதே பாணியில் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் நோவாவின் பேழையையும் நல்ல மேய்ப்பனையும் வரைந்து இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். இவர் வரைந்தவையும் சேர்த்து சுமார் 40 படங்கள். லெந்து நாட்களில் சென்னையில் ஒரு கண்காட்சி, பிறகு அதையே ஒடிசாவுக்குக் கொண்டுபோய் ஊர் ஊராக வைப்பது என்று திட்டம்.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் வரைந்தவரின் போட்டோ, பெயர், ஊர், அவர் விசுவாசத்துக்கு வந்த சாட்சி ஆகியவற்றை ஒட்ட நினைக்கிறார். அமெரிக்காவில் இருந்து டூரிஸ்ட் விசாவில் வரும் ஒரு மிஷனரி தம்பதி திறந்துவைத்துச் செய்தி கொடுப்பார்கள், தங்கள் படங்கள் சிலவற்றையும் கொண்டு வருவார்கள். அவர்களுடைய சபை செலவுக்கு 3,000 டாலரை இவருடைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்பும். படங்களை விற்றும் வாழ்த்து அட்டை அச்சடித்தும் வருகிற பணம் ஊழியத்துக்குப் போகும். ஹாலின் ஒரு மூலையில் சுகமளிக்கும் ஜெபம் நடக்கும்.

இவ்வளவிலும் அவரைத் தூங்கவிடாத விஷயம் ஒன்றே ஒன்று. ஆலமரத்தடியில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிற மாதிரி இயேசுவை உட்காரவைத்து அவர் வரைந்த படத்தைப் பார்த்து, சபை மூப்பர் ஒருவர் "இதை வைத்தால் கேஸ் போடுவார்கள்" என்று சொல்லிவிட்டாராம். "அரசியல் சாசனத்தில் பிரிவு 25 இருக்கிறதே, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்தானே? கேலரி கேட்டால் மதம் என்று மறுப்பார்களா, பேசாமல் சர்ச் ஹாலிலேயே வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கண்காட்சியைத் தாராளமாக வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் மூப்பர் பயப்படுகிற படத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயங்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. சட்டச் சிக்கல் முழுக்க அந்த வரிகளில் இருக்கிறது, அதில் கூடுதல் ஆபத்து உங்களுக்குக்கூட இல்லை, படம் வரைந்து கொடுத்தவர்களுக்கு.

முதலில் ஆலமரத்துப் படம்

மத உணர்வைப் புண்படுத்துவது குற்றம் என்று முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ சொன்னது, 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவு. மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் யாரோ ஒருவர் மனம் நொந்தார் என்பது மட்டும் அந்தப் பிரிவுக்குப் போதாது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 1957-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தோனியை விஷ்ணு மாதிரி அட்டைப்படத்தில் போட்ட பத்திரிகை விவகாரம் ஞாபகம் இருக்கும், தோனி மேலேயே வழக்குப் போட்டார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் அதே காரணத்தைச் சொல்லி அதை ரத்து செய்தது. மரியாதையோடு, தியானத்தில் அமர்ந்த ஒரு குருவாக இயேசுவை வரைந்த படத்தில் அந்தக் கெட்ட நோக்கத்தைக் காட்டுவது கடினம்.

இதற்காக யாரும் புகாரே கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. புகார் வரலாம், வழக்கு ரத்தாகும் வரை அலைச்சலும் இருக்கும். அதனால் அந்தப் படத்துக்குக் கீழே எதை நினைத்து வரைந்தீர்கள் என்று நாலு வரி எழுதி வையுங்கள், "அந்தத் தெய்வத்தைவிட இந்தத் தெய்வம்" என்ற ஒப்பீடு எங்கேயும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழிலும் போஸ்டரிலும் அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்துப் போடாதீர்கள், சூழல் இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றும் படம்தான் சண்டையைக் கிளப்பும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படத்துக்கு முதல் எதிர்ப்பு வெளியில் இருந்து வராமல் உங்கள் சபைக்குள் இருந்தே வரலாம். மூப்பரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், அது சட்டத்தில் தீர்கிற விஷயம் இல்லை.

கேலரி கேட்கத் தயங்க வேண்டாம். சென்னையின் கலை உலகத்துக்கு இயேசு புதியவர் இல்லை. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் கிறிஸ்துவை வரைந்திருக்கிறார், தனபாலும் ஜானகிராமும் சிற்பமாக்கியிருக்கிறார்கள். வங்காளத்தில் ஜாமினி ராய் தன் நாட்டுப்புறப் பாணியில் கிறிஸ்துவைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமி, முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா, சோழமண்டலத்தின் சொந்தக் கேலரி என்று கேட்டுப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் கண்காட்சி என்று எழுதிவிட்டு உள்ளே ஜெபக்கூட்டம் நடத்தினால் மட்டும் வாடகை நிபந்தனையை மீறியதாகும், நடுவிலேயே வெளியேற்றினால் கேட்க வழியில்லை. ஜெபமும் வேண்டும் என்றால் சர்ச் ஹால். எனக்கென்னவோ கேலரிதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் உங்கள் சபைக்காரர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள், அந்தச் சவுரா கோடுகளைப் பார்க்க வேண்டிய மற்றவர்கள் சர்ச் காம்பவுண்டுக்குள் வரத் தயங்குவார்கள்.

போலீஸ் அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாலு சுவருக்குள் அமைதியாக நடக்கிற நிகழ்ச்சிக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. தனியார் இடத்தில் நடக்கும் பஜனைக்கும் அன்னதானத்துக்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, அதே நியாயம் உங்களுக்கும் பொருந்தும். தெருவில் ஸ்பீக்கர் கட்டினாலோ, படங்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனாலோ எழுத்தில் அனுமதி வாங்கத்தான் வேண்டும். மற்றபடி ஸ்டேஷனில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப் போகும் சாட்சி

இங்கேதான் உங்களை நிறுத்திவைத்துப் பேச விரும்புகிறேன். வரைந்தவர்களில் பழங்குடியினரும் இருக்கிறார்கள், பட்டியல் சாதியினரும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "இவர் 2021-ல் ஞானஸ்நானம் பெற்றார்" என்று போட்டோவோடு ஒட்டினால் உங்களுக்கு அது சாட்சி. ஒரு வருவாய்த் துறை அதிகாரியின் மேஜைக்குப் போனால் அதுவே ஆதாரம்.

1950-ம் வருட பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். கிறிஸ்தவர் ஆனவருக்கு அந்தத் தகுதி போய்விடும். இது நியாயமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பல வருடங்களாக நடக்கிறது, என் சொந்தக் கருத்து அது அநியாயம் என்பதுதான், ஆனால் இன்றைக்குச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தொடர்ந்து சர்ச்சுக்குப் போகிறவர் என்பதை வைத்தே பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் ஹாலில் ஒட்டிய அட்டையை யாராவது போட்டோ எடுத்து முகநூலில் போட்டால், அந்த ஊரில் ஒரு பிள்ளையின் ஸ்காலர்ஷிப்போ ஹாஸ்டல் இடமோ கேள்விக்குள்ளாகலாம். பழங்குடியினர் பட்டியலுக்கு இந்த மத நிபந்தனை இல்லை. ஆனால் மதம் மாறிய பழங்குடியினரைப் பட்டியலில் இருந்து நீக்க வேண்டும் என்ற கோரிக்கை மத்திய இந்தியாவில் உரக்கக் கேட்கிறது, ஊருக்குள் பகையும் வரலாம். ராயகடாவில் இருந்து சில மணி நேரத் தூரத்தில்தான் கந்தமால் இருக்கிறது, 2008-ல் அங்கே கிறிஸ்தவர்கள் மேல் நடந்த வன்முறையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ரயிலேறி வந்துவிடுவீர்கள். அவர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

அதற்காகப் பெயரே போடாமல் "ஒடிசா கிராமத்துப் பெண் வரைந்தது" என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். அதுவும் தப்பு. வரைந்தவர் தன் பெயரோடு படம் அறியப்பட வேண்டும் என்று கேட்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு உரிமை தருகிறது, தன் பெயரைச் சென்னையில் ஒரு சுவரில் பார்க்கும் சந்தோஷத்தை அவர்களிடம் இருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. எதைப் போடலாம், எதை வேண்டாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பெயர், ஊர், போட்டோ, சாட்சி நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். பலர் பெயரும் ஊரும் போதும் என்பார்கள், சிலர் கைரேகை போன்ற ஒரு அடையாளம் போதும் என்பார்கள். சான்றிதழ் விஷயத்தை விளக்கிச் சொன்ன பிறகும் ஒருவர் "என் சாட்சியைப் போடுங்கள்" என்றால் அது அவர் முடிவு. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன், போட்டோவும் சாட்சியும் வேண்டவே வேண்டாம், முதல் பெயரும் வயதும் போதும், அதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

அமெரிக்க விருந்தாளிகளும் டாலரும்

"டூரிஸ்டாக வந்து சும்மா நாலு வார்த்தை பேசப் போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடியாது. நம் நாட்டு விசா விதிகளின்படி வெளிநாட்டவர் வழிபாட்டுத் தலங்களுக்குப் போகலாம், மதச் சொற்பொழிவைக் கேட்கலாம், ஆராதனையில் உட்காரலாம். பிரசங்கம் செய்வது, மதக் கருத்துள்ள கைப்பிரதிகளையும் காட்சிப் பொருள்களையும் பரப்புவது இதெல்லாம் கூடாது. அவர்கள் தங்கள் படங்களைக் கொண்டுவந்து மாட்டுவதையும் அதில் சேர்த்துவிட முடியும். இதற்கென்றே மிஷனரி விசா என்று தனி வகை இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த நம் ஊர்க்காரர் யாராவது ஓசிஐ அட்டையோடு வந்து பேசுவதாக இருந்தாலும், 2021 மார்ச் முதல் மிஷனரி வேலைக்கு வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வின் சிறப்பு அனுமதி வேண்டும், அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கிறது. மீறினால் அவர்களை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள், மறுபடி விசா கிடைக்காது, அழைத்த நீங்களும் விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும். அவர்கள் பார்வையாளர்களாக வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். திறந்துவைக்க உள்ளூரில் ஒரு ஓவியரைக் கூப்பிடுங்கள்.

பணம் இதைவிடக் கடுமையான விஷயம். மத, கலாசார, கல்வி நோக்கமுள்ள எந்த நிகழ்ச்சிக்கும் வெளிநாட்டில் இருந்து பணம் வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டில்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்கில் 3,000 டாலர் வந்தால் வந்த அன்றே குற்றம். "அவர்கள் இங்கே வந்த பிறகு ரூபாயாக மாற்றிக் கையில் கொடுத்தால்?" என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். கொடுப்பவர் வெளிநாட்டவர் என்றால் ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். உங்கள் மிஷன் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தாலும் அவர்கள் வாங்கி உங்களுக்கு மாற்றிவிட முடியாது, அதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. நிறுவனமே தன் நிகழ்ச்சியாக நடத்தி, தன் கணக்கில் இருந்தே ஹால் வாடகை கட்டலாம், அதற்குத் தடையில்லை. இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் உங்கள் உறவினர் தன் சம்பளத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அதுவும் இந்தச் சட்டத்தில் வராது. எனக்குத் தோன்றுவது, 40 படங்களை மாட்டுகிற செலவு உங்கள் சபையும் நண்பர்களும் சேர்ந்தால் தாங்கக்கூடியதுதான். டாலரை விட்டுவிடுங்கள்.

விற்பனையும் வாழ்த்து அட்டையும்

"வரைந்தவர்கள் படங்களை எனக்கே கொடுத்துவிட்டார்கள்" என்கிறீர்கள். காகிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதை அச்சடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை, அது எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் மாறும். அப்படி எழுதித் தரும்போதும் எத்தனை வருடத்துக்கு என்று சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும், எந்தெந்த நாட்டில் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அட்டை அச்சடிப்பதற்கு என்று நோக்கத்தைக் குறிப்பிட்டே எழுதி வாங்குங்கள்.

படத்தை விற்றால் பணம் யாருக்கு? முழுவதையும் ஊழியத்துக்கு எடுத்துக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொண்டால் சட்டம் தடுக்காது. ஆனாலும் நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், வரைந்தவருக்குப் பெரும் பங்கு போகட்டும், காணிக்கை கொடுக்க விரும்பினால் அவர் கையாலேயே கொடுக்கட்டும். ஜி.எஸ்.டி. பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்தில் கடை போட்டு விற்றால் கணக்கு மாறும், அப்போது ஒரு ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஒடிசாவுக்குக் கொண்டுபோவது

பிரிவு 25 மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, உண்மைதான். ஆனால் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், பரப்புவது என்றால் தன் மதத்தை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, ஒடிசாவின் 1967 சட்டத்தையும் மத்தியப் பிரதேசத்தின் 1968 சட்டத்தையும் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே விலக்கிக்கொள்ளப்பட்டது, அதனால் சென்னையில் இருந்து பார்க்கும்போது எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. ஒடிசாவில் பணமாகவோ பொருளாகவோ பரிசு கொடுத்து மதம் மாற்றினால் ஒரு வருடம் வரை சிறை, மாறியவர் பெண்ணோ சிறுவரோ பட்டியல் சாதி, பழங்குடியினரோ என்றால் இரண்டு வருடம் வரை.

படம் காட்டுவது மதமாற்றம் இல்லை. ஆனால் அதோடு ஒரு சேலையோ அரிசிப் பையோ பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமோ சேர்ந்துவிட்டால் எதிர்த்தரப்பு அதை ஆசை காட்டியதாகத்தான் எழுதும். 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில், பைபிள் கொடுப்பதும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வதும் ஆசை காட்டுவது ஆகாது என்று சொன்னது. நல்ல உத்தரவு, ஆனால் அது வருவதற்குள் ஜாமீன் கேட்ட இருவரும் மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள். அதனால் கண்காட்சி நாளில் இலவசம் எதுவும் வேண்டாம், டீயைத் தவிர. சுகமளிக்கும் ஜெப மூலையை இரண்டு ஊரிலும் எடுத்துவிடுங்கள். நோய் தீரும் என்று போஸ்டரில் போட்டால் 1954-ம் வருட மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டத்தையும் இழுத்துவிடலாம். யாராவது தனிப்பட்ட முறையில் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபியுங்கள், அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

ஊர் ஊராக வைப்பதை இந்த வருடம் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. வரைந்தவர்களின் ஊரில் மட்டும், அவர்களே நடத்துகிற மாதிரி, ஊர்ப் பெரியவர்களுக்கும் மற்ற மதத்தினருக்கும் முன்கூட்டியே சொல்லி, ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மற்ற ஊர்களைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹாலை புக் செய்வதற்கு முன்னால் ராயகடா போய் ஒவ்வொருவரிடமும் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். படிவத்தைத் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். உங்கள் பணித்தளத்தில் ஒடியா தெரிந்தவரை வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டில் பேசும் மொழியில் வாசித்துக் காட்டி, ஊழியத்தில் சம்பந்தப்படாத ஒருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.